ஒரு முகவரி மலையேறிய கதை

கேமரன் மலைத் தோட்டங்களுக்கு ஊரிலிருந்து கடிதம் வந்த காலத்தில், உறையின்மேல் லயத்து வீட்டு எண் இருக்கிறதா என்று தபால்காரர் பார்க்க வேண்டியதில்லை. தோட்டத்தின் பெயர், அதன்கீழ் ரிங்லெட் அல்லது தானா ராத்தா, பகாங். அவ்வளவு போதும், கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்துவிடும். எது எந்த லயத்துக்கு, எந்தக் குடும்பத்துக்கு என்பதெல்லாம் கிராணியின் பொறுப்பு. உள்ளே எத்தனை வீடு இருந்தாலும் வெளியுலகத்துக்குத் தோட்டம் முழுவதும் ஒரே முகவரிதான்.

இன்று அதே தோட்ட அலுவலகங்களில் மூலையில் ஒரு பெட்டி விளக்கு மினுக்கிக்கொண்டு கிடக்கிறது. ஃபயர்வால். கிராணி செய்த வேலையைத்தான் அதுவும் செய்கிறது, தாளுக்குப் பதில் தரவுப்பொதிகளை வைத்து. வெளியே போகும் பொதிகளுக்கெல்லாம் அலுவலகத்தின் பொது எண்ணை ஒட்டி அனுப்பும். பதில் வந்தால் யார் கேட்டது என்று தன் குறிப்பைப் பார்த்து உள்ளே கொடுக்கும். ஆனால் யாரும் கேட்காமலே வெளியிலிருந்து ஒரு பொதி வந்து நின்றால்? அதற்குக் குறிப்பேட்டில் முன்கூட்டியே ஒரு வரி எழுதப்பட்டிருக்க வேண்டும்: இந்த எண்ணுக்கு வருவதெல்லாம் உள்ளே இருக்கும் இந்த இயந்திரத்துக்கு, இன்றும் நாளையும் எப்போதும். அந்த வரிதான் நிலை முகவரி மாற்றம். ஸ்டாட்டிக் நாட் என்று வலைப்பின்னல்காரர்கள் சொல்வார்கள். அந்த ஒற்றை வரி எங்கே பிறந்தது, எப்படி மலையேறி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பிறப்புக்குக் காரணம் ஒரு கஞ்சத்தனம். 1977-இல் வின்ட் செர்ஃப் இணைய முகவரிக்கு 32 பிட் போதும் என்று முடிவு செய்தார். ஒரு சோதனைக்கு அது தாராளம் என்பது அவர் கணக்கு. 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் தொகுத்த ஆர்எஃப்சி 791 என்ற இணைய விதி ஆவணம் அதையே சட்டமாக்கியது. 32 பிட் என்றால் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் முகவரிகள். அன்றைக்கு உலகத்தில் இருந்த கணினிகளோடு ஒப்பிட்டால் கடல். பத்து வருடத்தில் கடல் வற்ற ஆரம்பித்தது. முகவரிகளைப் பெரிய பெரிய துண்டுகளாக நிறுவனங்களுக்கு அள்ளிக் கொடுத்ததும் ஒரு காரணம். பத்துக் கணினி வைத்திருந்தவர்களும் ஆயிரக்கணக்கில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

1993 ஜனவரியில் பால் சுச்சியா, டோனி எங் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே முகவரிகளைப் பல நிறுவனங்கள் தத்தம் வேலிக்குள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், வேலியைத் தாண்டும்போது மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். சுச்சியா பிறகு தன் பெயரையே மாற்றிக்கொண்டு பால் பிரான்சிஸ் ஆனார். முகவரி மாற்றத்தைக் கண்டுபிடித்தவர் பெயர் மாற்றிக்கொண்டது தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1994 மே மாதம் அவரும் கேயல்ட் எகவாங்கும் சேர்ந்து ஆர்எஃப்சி 1631-ஐ எழுதினார்கள். இது தற்காலிக ஏற்பாடு, நிரந்தரத் தீர்வு வரும்வரை தாங்கும் என்று அவர்களே அதில் எழுதி வைத்தார்கள். இதனால் வரக்கூடிய கெடுதல்களையும் மறைக்கவில்லை. முப்பது வருடம் கடந்தும் அந்தத் தற்காலிகம் முடியவில்லை.

வேலிக்குள் பயன்படுத்த எந்த எண்கள்? அதற்கு 1994 மார்ச்சில் ஆர்எஃப்சி 1597 மூன்று தொகுதிகளை ஒதுக்கியது. அவற்றில் பெரியது 10 என்று தொடங்கும் தொகுதி. அது ஏற்கெனவே ஒருவர் வாழ்ந்துவிட்டுக் காலி செய்த வீடு: இணையத்தின் மூதாதையான ஆர்ப்பாநெட்டின் எண் அது. 1990-இல் ஆர்ப்பாநெட் மூடப்பட்டதும் சும்மா கிடந்தது. இந்த ஒதுக்கீட்டை எதிர்த்து அதே வருடம் ஜூலையில் நான்கு பேர் காரமாக ஓர் ஆவணம் எழுதினார்கள். உலகத்தில் ஒவ்வொரு கணினிக்கும் தனி எண் என்ற அடிப்படையே இதனால் சிதையும் என்பது அவர்கள் வாதம். அந்த நால்வரில் ஒருவர் எலியட் லியர். 1996 பிப்ரவரியில் இறுதி வடிவமாக ஆர்எஃப்சி 1918 வந்தபோது அதை எழுதியவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. எதிர்த்தவரையே எழுத வைக்கும் அளவுக்குப் பற்றாக்குறை முற்றியிருந்தது.

தாளில் இருந்ததைப் பெட்டிக்குள் வைத்தவர்கள் வேறு இருவர். ஜான் மேயஸ் என்பவருக்கு யோசனை வந்தது. ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில் இருந்த பிராண்ட்லி கோயில் என்ற நிரலர் அதை எழுதிக் கொடுத்தார். நெட்வொர்க் டிரான்ஸ்லேஷன் என்ற சிறு நிறுவனம், பிக்ஸ் என்ற பெட்டி. அலுவலகங்களில் பத்துப் பதினைந்து உள்தொலைபேசிகளை இரண்டு மூன்று வெளி இணைப்புகளில் கோக்கும் பிபிஎக்ஸ் கருவியின் பெயரை ஒட்டித்தான் இதற்கும் பெயர் வைத்தார்கள். 1994 டிசம்பரில் முதல் பெட்டி விற்றது. அடுத்த ஆண்டே சிஸ்கோ அந்தச் சிறு நிறுவனத்தை வாங்கிவிட்டது. பிக்ஸ் பெட்டியில் ஸ்டாட்டிக் என்று தொடங்கும் ஒரு கட்டளை உண்டு. உள்பக்கம், வெளிப்பக்கம், வெளி எண், உள் எண் என்று ஒரே வரியில் முடியும். அந்த வரியைத் தட்டித்தான் ஒரு தலைமுறை வலைப்பின்னல்காரர்கள் தொழில் கற்றார்கள்.

மலேசியாவில் அப்போது இணையம் தவழ்ந்துகொண்டிருந்தது. மிமோஸ் ஆய்வு நிறுவனம் 1992-இல் ஜாரிங் வலைப்பின்னலைத் தொடங்கியிருந்தது. 1996-இல் டிஎம்நெட் வந்தது. மலைக்கு எதுவுமே தாமதமாகத்தான் வரும். 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது தாப்பாவிலிருந்து மேலே வரும் சாலையே முடிந்திருக்கவில்லை, 1931-இல்தான் முடிந்தது. நிலம் பகாங்கில், சாலை பேராக்கிலிருந்து. அந்த வளைவுகளின் வழியாகத்தான் அரிசி வந்தது, கடிதம் வந்தது, தொலைபேசிக் கம்பி வந்தது.

மலைக்கு நல்ல இணைப்பு வந்து சேர்ந்தபோது முகவரிகள் தீர்ந்திருந்தன. 2011 பிப்ரவரி 3 அன்று உலகக் களஞ்சியத்தில் மிச்சமிருந்த கடைசி ஐந்து தொகுதிகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஏப்ரல் 15 அன்று ஆசிய பசிபிக் பகுதிக்கான ஏப்னிக் தன் கடைசித் தொகுதியைத் தொட்டு, பங்கீட்டு முறைக்கு மாறியது. அதனால் கைப்பேசி நிறுவனங்கள் வாடிக்கையாளருக்குச் சொந்த எண்ணே கொடுக்காமல், ஊரையே ஓர் எண்ணுக்குப் பின்னால் வைத்தன. அதற்கென்றே 2012-இல் 100.64 என்று தொடங்கும் ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டது. மலைப் பள்ளத்தாக்குகளில் இது முக்கியமான செய்தி. கம்பி வராத இடத்தில் சிம் போட்ட ரவுட்டரை வைத்து இணையம் ஓட்டுகிறவர் நிலை முகவரி மாற்றம் செய்யப் பார்த்தால், எத்தனை முறை எழுதினாலும் வேலை செய்யாது. அவர் ரவுட்டரின் வெளி எண்ணே இன்னொரு கிராணியின் உள் எண்தான். ரவுட்டரின் வெளிப்பக்க எண் 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினாலோ, 10 என்று தொடங்கினாலோ, அந்த முயற்சியை விட்டுவிடலாம். மற்றவர்கள் வணிகத் திட்டத்தில் நிலையான எண் கேட்டு வாங்க வேண்டும். பொதுவாக எட்டு எண் கொண்ட சிறு கட்டாக வரும், தலையும் வாலும் இணைப்பு நிறுவனத்தின் ரவுட்டருக்கானதும் போக ஐந்து மிஞ்சும்.

ஒரு பொதியோடு நாமும் போய்ப் பார்ப்போம். உதாரணத்துக்கு ஒரு தோட்டம்: கொழுந்து நிறுவையைப் பதிவு செய்யும் சர்வர் தொழிற்சாலையில் இருக்கிறது, அதன் உள் எண் 10.20.1.5. கோலாலம்பூர் அலுவலகம் அந்தக் கணக்கை அன்றன்று பார்க்க வேண்டும். வெளி எண் 203.0.113.10 என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்ணை நான் துணிந்து அச்சில் கொடுக்கக் காரணம், 203.0.113 என்று தொடங்கும் தொகுதி புத்தகங்களிலும் ஆவணங்களிலும் எடுத்துக்காட்டாக மட்டும் வாழ ஒதுக்கப்பட்டது. நிஜத்தில் யாருக்கும் அது வீடாகாது.

கோலாலம்பூரில் ஒருவர் பக்கத்தைத் திறக்கிறார். பொதி கிளம்புகிறது. பெறுநர் 203.0.113.10, போர்ட் எனப்படும் கதவு எண் 443. நகரத்து ரவுட்டர்களைத் தாண்டி, கண்ணாடி இழையில் மலையேறி, தோட்ட வாசலுக்கு முன்னால் இருக்கும் இணைப்பு நிறுவனத்தின் ரவுட்டருக்கு வருகிறது. அந்த ரவுட்டர் கூவுகிறது: இந்த எண் யாருடையது? சர்வர் பதில் சொல்லாது, அது வேலிக்கு உள்ளே இருக்கிறது. ஃபயர்வால்தான் சர்வரின் சார்பாக, என்னுடையது என்று குரல் கொடுக்க வேண்டும். சில பெட்டிகள் நிலை வரியை எழுதியதுமே தாமாகக் குரல் கொடுக்கும். ஜூனிப்பர் எஸ்ஆர்எக்ஸ் போன்றவற்றில் அதைத் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். மறந்தால் பொதி வாசலிலேயே செத்துப்போகும், ஃபயர்வாலின் பதிவேட்டில் ஒரு தடயமும் இருக்காது. பழைய பெட்டியைக் கழற்றிப் புதியது மாட்டிய அன்றும் இதே மாயம் நடக்கும். ரவுட்டர் பழைய பெட்டியின் வன்பொருள் எண்ணையே கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொண்டிருக்கும். எல்லாம் சரியாக எழுதியும் ஏன் ஓடவில்லை என்று இரவு முழுவதும் விழித்திருப்பவர்கள், இணைப்பு நிறுவனத்தைக் கூப்பிட்டு அந்த நினைவைத் துடைக்கச் சொன்னால் சீக்கிரம் தூங்கப் போகலாம்.

பொதி ஃபயர்வாலுக்குள் நுழைந்துவிட்டது. பெறுநர் எண் அழிக்கப்பட்டு 10.20.1.5 எழுதப்படுகிறது. அதோடு வேலை முடியாது. ஒவ்வொரு பொதியிலும் சரிபார்ப்புக் கூட்டுத்தொகை உண்டு, வழியில் எழுத்து சிதைந்ததா என்று கண்டுபிடிக்க. முகவரியும் அந்தக் கூட்டலில் சேர்ந்தது. முகவரி மாறினால் கூட்டுத்தொகையும் மாற வேண்டும், வெளித்தலைப்பில் ஒன்று, உள்ளிருக்கும் டிசிபி தலைப்பில் இன்னொன்று. இரண்டையும் ஃபயர்வால் திருத்துகிறது. பிறகு நடப்பில் இருக்கும் உரையாடல் என்று ஒரு குறிப்பு எழுதிக்கொள்கிறது. சர்வரின் பதில் வெளியே போகும்போது அனுப்புநர் இடத்தில் 203.0.113.10 மீண்டும் ஏறுகிறது. தான் பேசியது 10.20.1.5 உடன் என்பது கோலாலம்பூர்க் கணினிக்குக் கடைசிவரை தெரியாது.

ஆனால் முகவரியை மாற்றுவதும் உள்ளே விடுவதும் இரண்டு வேறு முடிவுகள். நிலை வரி எழுதினால் பொதிக்கு வழி தெரியும். வரலாம் என்ற அனுமதி இன்னொரு பட்டியலில் இருக்கிறது. அந்த அனுமதிப் பட்டியலில் எந்த எண்ணை எழுதுவது, வெளி எண்ணா, உள் எண்ணா? இங்கேதான் தொழிலின் பெரிய தலைவலி. சிஸ்கோவின் பழைய பெட்டிகளில் வெளி எண்ணை எழுத வேண்டும். 2010-இல் பிக்ஸின் வாரிசான ஏஎஸ்ஏ பெட்டிக்கு 8.3 பதிப்பு வந்தபோது அதைத் தலைகீழாக்கினார்கள். அதன்பிறகு உள் எண்தான். பழைய ஸ்டாட்டிக் கட்டளையும் அத்தோடு போயிற்று, உள் இயந்திரத்துக்கு ஒரு பெயர் வைத்து அந்தப் பெயருக்குக் கீழே மாற்றத்தை எழுதும் முறை வந்தது. பழக்கதோஷத்தில் வெளி எண்ணை எழுதிவிட்டு முடியைப் பிய்த்துக்கொண்டவர்கள் உலகமெங்கும் உண்டு. ஜூனிப்பரிலும் லினக்ஸிலும் மாற்றம் முதலில், அனுமதி பிறகு. ஆகவே உள் எண். பாலோ ஆல்ட்டோ இன்னும் விசித்திரம்: விதியில் எழுதும் எண் மாற்றத்துக்கு முந்தியது, பொதி போய்ச் சேரும் வலைப் பகுதி மட்டும் மாற்றத்துக்குப் பிந்தியது. ஃபோர்ட்டிகேட் இதற்கு விர்ச்சுவல் ஐபி என்று ஒரு தனி உருப்படியே வைத்து, அனுமதி விதியில் அதையே காட்டச் சொல்கிறது. என்னைக் கேட்டால் புரிந்துகொள்ள எளிதானது இதுதான். ஒரு பெட்டியில் பழகியதை இன்னொரு பெட்டியில் அப்படியே தட்டாதீர்கள் என்பதைத் தவிர இதில் வேறு சூத்திரம் இல்லை.

இந்த ஒற்றை வரி எதையெல்லாம் கெடுக்கும் என்பதற்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு. ஃபயர்வால் உறையின்மேல் உள்ளதைத்தான் திருத்துகிறது. கடிதத்துக்குள்ளே ஒருவர் தன் முகவரியை எழுதியிருந்தால்? பழைய எஃப்டிபி அப்படித்தான் செய்யும், இணையத் தொலைபேசிகள் பேசும் சிப் மொழியும் அப்படித்தான். மணியடிக்கும், எடுத்தால் ஒரு பக்கம் குரல் கேட்காது. அதற்காக ஃபயர்வால்கள் கடிதத்தையும் பிரித்துப் படித்துத் திருத்தும் உதவியாளர்களைச் சேர்த்துக்கொண்டன. சில நேரம் அந்த உதவியே உபத்திரவமாகி, அதை அணைத்துவிட்டால்தான் தொலைபேசி பேசும். இன்னொரு சிக்கல் வீட்டுக்குள்ளேயே நடக்கும். தோட்ட அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு அதே சர்வரை வெளி எண்ணில் கூப்பிட்டால் பெரும்பாலும் கிடைக்காது. பொதி வாசல்வரை போய்த் திரும்ப வேண்டும். சர்வரோ கேட்டவர் பக்கத்து மேசை என்று கண்டு நேராகப் பதில் அனுப்பும், தான் கூப்பிட்ட எண்ணிலிருந்து வராத பதிலைக் கணினி எறிந்துவிடும். உள்ளே இருப்பவர்களுக்கு அதே பெயருக்கு உள் எண்ணைச் சொல்லும்படி பெயர் சர்வரை அமைப்பது இதற்கு நல்ல வழி.

மலைக்கே உரிய பிழைகளும் உண்டு. இடி மின்னல் காலத்தில் மின்சாரம் போய் வரும். நிறுவை சர்வருக்கு எண்ணைக் கையால் நிலையாகக் கொடுக்காமல் தானியங்கியாக வாங்கவிட்டிருந்தால், எழுந்திருக்கும்போது வேறு எண்ணோடு எழுந்திருக்கலாம். நிலை வரி பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். அந்த எண் இப்போது அச்சுப்பொறியிடம் இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. மழையில் மண் சரிந்து கம்பி அறுந்தால் ஃபயர்வால் சிம் இணைப்புக்குத் தாவும். உள்ளே இருப்பவர்கள் வெளியே போகலாம், வெளியிலிருந்து 203.0.113.10 தேடி வருகிறவருக்கு வழி இருக்காது. அந்த எண் அறுந்த கம்பியோடு சேர்ந்தது. மாற்று இணைப்பு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்த பலரும் இதை மண் சரிந்த அன்றுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

எதற்கு நிலை வரி வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மின்விலைப்பட்டியல் 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரிய நிறுவனங்களுக்குக் கட்டாயமானது. அதற்கு நம் கணினி வெளியே போய்ப் பேசுகிறது, யாரும் உள்ளே வருவதில்லை; ஆகவே நிலை வரி தேவையே இல்லை. மின்னஞ்சல், வங்கி, மேகக் கணக்குப்பதிவு எல்லாம் அப்படித்தான். வெளியே இருப்பவர் முதலில் கதவைத் தட்ட வேண்டிய வேலைக்கு மட்டுமே இது.

தட்டுகிறவர்கள் எல்லோரும் கோலாலம்பூர் அலுவலகத்தினர் இல்லை. முகவரி மாற்றம் இருப்பதே பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை தொழிலில் நெடுநாளாக ஓடுகிறது. உள் எண் மறைந்திருப்பதால் யாரும் வர முடியாது என்ற எண்ணம். வெளியே மட்டும் போகும் சாதாரண மாற்றத்தில் கேட்காமல் வந்த பொதிக்குக் குறிப்பு இல்லாததால் அது நின்றுபோகும், அந்த அளவுக்கு உண்மை. நிலை மாற்றம் நேர் எதிர். உலகம் முழுவதற்கும் ஒரு பாதையைக் காட்டுகிறது. அனுமதிப் பட்டியலில் யார் வேண்டுமானாலும் என்று எழுதிவிட்டால் மறைவு என்பதே இல்லை. 2016-இல் மிராய் என்ற தீநிரல் இப்படித் திறந்து கிடந்த கண்காணிப்புக் கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் தொழிற்சாலைக் கடவுச்சொல் கொண்டே லட்சக்கணக்கில் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படை டின் என்ற பெயர் சேவை நிறுவனத்தைத் தாக்க, டுவிட்டர் உட்படப் பெரிய தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. கேமராக்காரர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் பெட்டி படையில் சேர்ந்ததே தெரியாது.

ஆகவே நிறுவை சர்வரின் நிலை வரிக்குப் பக்கத்தில் அனுமதி விதி இப்படி இருக்க வேண்டும்: கோலாலம்பூர் அலுவலகத்தின் வெளி எண்ணிலிருந்து மட்டும், 443 கதவுக்கு மட்டும், மற்றதெல்லாம் மறுப்பு, மறுத்ததும் பதிவில் ஏறட்டும். சர்வரையும் கணக்குப் பிரிவுக் கணினிகள் இருக்கும் வலையிலிருந்து பிரித்துத் தனிப் பகுதியில் வைக்க வேண்டும். அது விழுந்தாலும் மற்றவை விழக்கூடாது. பார்க்க வேண்டியவர் ஊர் ஊராகச் சுற்றுகிறவர் என்றால் நிலை வரியே வேண்டாம், விபிஎன் போட்டுக் கொடுங்கள். கேமராப் பதிவுப் பெட்டிக்கு நிலை வரி போடுவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டேன்.

ஐபிவி6 வந்தால் இந்தக் கதை முடிந்துவிடும் என்பார்கள். அதில் முகவரி 128 பிட். ஒவ்வொரு சர்வருக்கும் உலகறிந்த சொந்த எண் கொடுக்கலாம், மாற்ற வேண்டியதில்லை. மலேசியா இதில் உலக வரிசையில் முன்னணியில் நிற்கும் நாடுகளில் ஒன்று. கூகுளுக்குப் போகும் நாட்டின் போக்குவரத்தில் பாதிக்கு மேல் ஐபிவி6. அதில் பெரும்பங்கு கைப்பேசிகளும் வீடுகளும். அலுவலக ஃபயர்வால்களில் இன்னும் பழைய எண்களே ஆட்சி. ஐபிவி6 வந்தாலும் அனுமதிப் பட்டியல் போகாது, அங்கே அதன் பொறுப்பு இன்னும் கூடும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று. உங்கள் அலுவலகத்து ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்கிறவரைக் கூப்பிட்டு நிலை வரிகளின் பட்டியலைக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதற்காக, யார் கேட்டது, எந்தத் தேதியில் என்று எழுதச் சொல்லுங்கள். பதில் இல்லாத வரியை முதலில் முடக்கி வையுங்கள். ஒரு மாதம் யாரும் தேடி வரவில்லை என்றால் அழித்துவிடுங்கள்.